அடுத்து எந்தக் கோட்டை? காஸில்வேனியா கையடக்க கேம்களில் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது

காஸில்வேனியா வரிசையில் ஒரு கேமை முடித்துவிட்டீர்கள். டிராகுலாவின் கோட்டை இடிந்து விழுந்தது, பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்தது. அடுத்து எதை எடுப்பது? வெளிவந்த வருட வரிசைப்படி போவதுதான் முறை என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த கேம்களுக்கு அந்த முறை சரிப்படாது. வருட வரிசையில் முதலாவதாக நிற்பது புதியவருக்குக் கடினமான கேம். கடைசியில் நிற்பதோ மற்ற ஐந்திலிருந்தும் விலகித் தனியாக நிற்கிறது. ஆகவே தேதியைப் பார்க்காமல், முடித்த கேமில் உங்கள் கை எதை விரும்பியது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

நாம் பேசப்போவது கொனாமி நிறுவனம் வெளியிட்ட ஆறு கேம்களைப் பற்றி:

- சர்க்கிள் ஆஃப் த மூன் (கேம்பாய் அட்வான்ஸ், 2001)
- ஹார்மனி ஆஃப் டிசனன்ஸ் (கேம்பாய் அட்வான்ஸ், 2002)
- ஆரியா ஆஃப் சாரோ (கேம்பாய் அட்வான்ஸ், 2003)
- டான் ஆஃப் சாரோ (நின்டெண்டோ டிஎஸ், 2005)
- போர்ட்ரெய்ட் ஆஃப் ருயின் (நின்டெண்டோ டிஎஸ், 2006)
- ஆர்டர் ஆஃப் எக்லீஷியா (நின்டெண்டோ டிஎஸ், 2008)

1989 முதல் பழைய கேம்பாயில் வந்த காஸில்வேனியாக்கள் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் என்று நேராக ஓடுபவை. அவற்றை இங்கே சேர்க்கவில்லை. 2013இல் 3டிஎஸ்ஸில் வந்த மிரர் ஆஃப் ஃபேட் வேறொரு கதை வரிசையைச் சேர்ந்தது. அதையும் விட்டுவிடுவோம்.

இந்த ஆறுக்கும் தாய், பிளேஸ்டேஷனில் 1997இல் வந்த சிம்ஃபனி ஆஃப் த நைட். பெரிய கோட்டை ஒன்று, நடக்க நடக்க நிரம்பும் வரைபடம், இப்போதைக்கு எட்டாத விளிம்பு, புதுத் திறமை கிடைத்ததும் திரும்பி வந்து அதில் ஏறுவது, எதிரியை வீழ்த்தி லெவல் உயர்வது. அடிப்படை இவ்வளவுதான். எதைச் சேகரிக்கிறோம், நாயகன் எவ்வளவு வேகம், தவறு செய்தால் கேம் எவ்வளவு கண்டிப்பு என்ற மூன்றில்தான் ஆறும் வேறுபடுகின்றன.

## முதல் வேலை: முடித்தது உண்மையில் முடிந்ததா?

அடுத்த கேமைத் தேடும் முன் கையில் இருப்பதை ஒருமுறை சரிபாருங்கள். இந்த ஆறில் ஐந்து கேம்கள் தம் உண்மையான முடிவை மறைத்து வைத்திருக்கின்றன. நிபந்தனை நிறைவேறாமல் கடைசிப் போருக்குப் போனால் பாதியிலேயே ஒரு முடிவைக் காட்டி, பெயர்ப் பட்டியலையும் ஓட்டிவிடும். எத்தனையோ பேர் அதோடு கேமை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். கேமின் மிகச் சிறந்த பகுதிகள் சில அந்த மறைந்த பாதியில்தான் இருக்கின்றன.

கதையைச் சொல்லாமல் நிபந்தனைகளை மட்டும் தருகிறேன்:

1. ஆரியா: கிரஹாமுடன் மோதும்போது ஃபிளேம் டீமன், ஜயண்ட் பேட், சக்குபஸ் ஆகிய மூன்று ஆன்மாக்களும் அணிந்த நிலையில் இருக்க வேண்டும். கோட்டையில் கிடைக்கும் மூன்று பழைய புத்தகங்களும் இதைத்தான் குறிப்பாகச் சொல்கின்றன.
2. ஹார்மனி: இரண்டாம் கோட்டையில் மாக்ஸிமைச் சந்திக்கும்போது இரண்டு காப்புகளும், அதாவது உங்களுடையதும் அவனுடையதும், அணிந்த நிலையில் இருக்க வேண்டும்.
3. டான்: இரண்டு இடங்களில் கவனம் தேவை. மீனா தந்த தாயத்தைத் தோட்டக் காட்சிக்கு முன் அணிந்திருக்க வேண்டும். டாரியோவுடன் இரண்டாம் முறை மோதும்போது அவனையே அடித்து வீழ்த்தாமல், பாரனோயா ஆன்மாவின் உதவியால் அறையிலுள்ள கண்ணாடிக்குள் நுழைய வேண்டும்.
4. போர்ட்ரெய்ட்: இரட்டைச் சகோதரிகளைக் கொல்லக் கூடாது. சார்லட்டின் சாங்க்சுவரி மந்திரத்தை முழுமையாக ஓதி அவர்களைக் குணப்படுத்த வேண்டும். அதன் பிறகே மேலும் நான்கு ஓவியங்கள் திறக்கும்.
5. எக்லீஷியா: ஆல்பஸை எதிர்கொள்ளும் முன் விகால் கிராமத்து மக்கள் அனைவரையும் மீட்டிருக்க வேண்டும். எக்லீஷியாவில் டிராகுலாவின் கோட்டையே இந்த நிபந்தனைக்குப் பின்னால்தான் இருக்கிறது. மக்களை விட்டுவிட்டவர்கள் கோட்டையைப் பார்க்காமலே கேமை மூடுகிறார்கள்.

சர்க்கிளில் இப்படிப் பொறி ஏதும் இல்லை. டிராகுலா வீழ்ந்தால் முடிந்தது.

குறிப்பு: இந்த நிபந்தனைகளைத் தெரிந்துகொள்வதால் கதை கெடாது. ஆனால் இவற்றை இணையத்தில் தேடப் போனால் முழுக் கதையும் முதல் வரியிலேயே கண்ணில் பட்டுவிடும். இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## தேர்வு செய்யும் படிகள்

1. முடித்த கேமில் எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள். "ஆன்மா சேர்த்தது", "பாஸோடு மோதியது", "வரைபடத்தை நிரப்பியது" என்று இருந்தால் போதும். "இசை பிடித்தது, படம் பிடித்தது" என்று எழுதாதீர்கள். அது ஆறுக்கும் பொருந்தும், தேர்வுக்கு உதவாது.
2. அதற்கடுத்த வரியில் எரிச்சலூட்டியதை எழுதுங்கள். ஒரே எதிரியைத் திரும்பத் திரும்ப அடித்ததா, வழி தெரியாமல் சுற்றியதா, ஒரே பாஸிடம் மாட்டிக்கொண்டதா? இரண்டில் இந்த வரிதான் முக்கியம். பிடித்த அம்சம் குறைந்தால் கொஞ்சம் அலுப்பு வரும், அவ்வளவுதான். எரிச்சலூட்டிய அம்சம் கூடினால் கேமையே பாதியில் விட்டுவிடுவீர்கள்.
3. கீழே வரும் கேம் விவரங்களோடு இரண்டு வரிகளையும் ஒப்பிட்டு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. அது உங்களிடம் உள்ள கருவியில் ஓடுமா என்று பாருங்கள். கருவி பற்றிய பகுதி பின்னால் வருகிறது.
5. தொடங்கி, முதல் இரண்டு பாஸ்கள் வரை விளையாடுங்கள். அதற்குள் கை பழகவில்லையென்றால் தயங்காமல் நிறுத்தி, பட்டியலில் அடுத்ததை எடுங்கள்.
6. ஒரே நேரத்தில் இரண்டை விளையாட வேண்டாம். பொத்தான் அமைப்பு ஒவ்வொன்றிலும் மாறுகிறது. ஒன்றில் வேகமாகப் பாயும் பொத்தான் மற்றொன்றில் வேறு வேலை செய்யும். வரைபடத்தில் எங்கே எதை விட்டுவந்தோம் என்ற நினைவும் குழம்பிப் போகும்.

## மாற்றவே கூடாத ஒரு வரிசை

ஆறில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் கதை வரிசை கட்டாயம்: ஆரியா முதலில், டான் பிறகு. ஆரியாவின் கதை 2035இல் நடக்கிறது. சோமா குரூஸ் என்ற இளைஞன் சூரிய கிரகணத்தன்று டிராகுலாவின் கோட்டைக்குள் இழுக்கப்படுகிறான். டான் அதற்கு ஓராண்டுக்குப் பிறகு, அதே சோமாவோடு தொடங்குகிறது. ஆரியா கடைசிவரை பொத்திவைத்து வெளியிடும் ரகசியத்தை டான் தன் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது. டானை முதலில் விளையாடியவருக்கு ஆரியாவின் பெரிய திருப்பம் இல்லாமலே போய்விடும். அதை மீட்க வழியில்லை.

இரண்டையும் அடுத்தடுத்து விளையாடலாமா? கதைக்காக விளையாடுகிறவர்கள் விளையாடலாம். சேகரிப்புக்காக விளையாடுகிறவர்கள் நடுவில் வேறொன்றை வைப்பது நல்லது. இரண்டிலும் எதிரியின் ஆன்மாவைப் பறித்து அதன் சக்தியைப் பயன்படுத்துவதுதான் அடிப்படை. நூறுக்கும் மேற்பட்ட ஆன்மாக்களை ஆரியாவில் தேடிய கையோடு, இன்னொரு நூறைத் தேடத் தொடங்கினால் சலிப்பு வரும். டானின் குற்றம் அல்லாத அந்தச் சலிப்பு டானின் மேல் விழும்.

போர்ட்ரெய்ட், 1994இல் மெகா டிரைவ் கருவிக்கு வந்த பிளட்லைன்ஸ் கேமின் அடுத்த தலைமுறைக் கதை. பிளட்லைன்ஸ் விளையாடாதவருக்கும் அது முழுதாகப் புரியும். மற்ற மூன்றும் தனித்தனிக் கதைகள்.

## ஆறும் ஒவ்வொன்றாக

### ஆரியா: தொடங்க ஏற்றது

இந்த வகைக்கே புதியவருக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டால், என் பதில் எப்போதும் ஆரியாதான். கோட்டையின் அளவு கச்சிதம். முதல் முறை முடிக்கச் சுமார் 6 முதல் 8 மணி நேரம் ஆகும். எதிரியை வீழ்த்தினால் சில சமயம் அதன் ஆன்மா உங்களுக்குள் பாயும். சிவப்பு ஆன்மா எறியும் ஆயுதம். நீல ஆன்மா பொத்தானை அழுத்தியிருக்கும்வரை வேலை செய்யும். மஞ்சள் ஆன்மா அணிந்திருந்தாலே பலன் தரும். இவை தவிர, நிரந்தரத் திறமைகளைத் தரும் ஆன்மாக்களும் உண்டு. சிவப்பு, நீலம், மஞ்சள் என்ற மூன்றையும் கலந்து உங்களுக்கென்று ஒரு சண்டை முறையை உருவாக்கிக்கொள்வதுதான் இதன் சுகம்.

பலரும் செய்யும் தவறு: முதல் சுற்றிலேயே எல்லா ஆன்மாவையும் சேர்க்க ஒரே அறைக்குள் போவதும் வருவதுமாக இருப்பது. ஆன்மா கிடைப்பது வாய்ப்பைப் பொறுத்தது. உண்மை முடிவுக்குத் தேவையான மூன்றை மட்டும் தேடுங்கள். மீதியை, அதே சேவிலிருந்து தொடர்ந்து விளையாடும் இரண்டாம் சுற்றுக்கு விடுங்கள்.

### டான்: சேகரிப்பில் ஊறியவருக்கு

டானில் ஆன்மாவுக்கு இரண்டு கூடுதல் பயன்கள் உண்டு. ஒரே ஆன்மாவைப் பல முறை சேர்த்தால் அதன் பலம் கூடும். யோகோ என்ற பாத்திரத்திடம் ஆன்மாவைக் கொடுத்து ஆயுதத்தை உயர்த்தலாம். கொடுத்த ஆன்மா திரும்ப வராது. எனவே ஒரே ஒரு பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் ஆயுதத்துக்காக அதை இழக்காதீர்கள். குறிப்பாகப் பாரனோயாவைப் போலக் கதைக்குத் தேவைப்படும் ஆன்மாக்களைத் தொடவே வேண்டாம்.

டிஎஸ் கருவியில் விளையாடுகிறவர்கள் இன்னொன்றுக்கும் தயாராக வேண்டும். பாஸின் உயிர் தீர்ந்ததும் தொடுதிரையில் ஒரு முத்திரையை வரைந்தால்தான் அது வீழும். பிழையாக வரைந்தால் பாஸ் கொஞ்சம் உயிரோடு மீண்டும் எழும். இதற்கான பயிற்சி முறை கேமுக்குள்ளேயே இருக்கிறது. புதிய முத்திரை கிடைத்ததும், பாஸ் அறைக்குப் போகும் முன்பே, கை தானாக வரையும்வரை பழகுங்கள். ஸ்டைலஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே பாஸ் அறைக்குள் நுழையுங்கள். டிஎஸ் கேம்கள் மூன்றும் சேர்ந்து 2024இல் வந்த டாமினஸ் தொகுப்பில் முத்திரையைப் பொத்தான்களாலேயே முடிக்கலாம், ஆகவே இந்தச் சிரமம் அங்கே இல்லை.

ஆரியாவில் ஓவியர் அயாமி கோஜிமாவின் ஓவியங்களை விரும்பியவர்களுக்கு டானின் அனிமே பாணி முகங்கள் ஏமாற்றம் தரும். கேமின் தரம் அதனால் குறையவில்லை.

### சர்க்கிள்: பொறுமைசாலிக்கு

கேம்பாய் அட்வான்ஸ் கருவியோடு சேர்ந்தே வெளிவந்த கேம் இது. சிம்ஃபனியை உருவாக்கியவர்களில் ஒருவரும் பிந்தைய ஐந்துக்குத் தயாரிப்பாளருமான கோஜி இகராஷி இதில் பங்கேற்கவில்லை. கொனாமியின் கோபே பிரிவு செய்தது. அந்த வேறுபாடு கையில் தெரியும். நாயகன் நேத்தன் கிரேவ்ஸின் நடை கனமானது. ஓட வேண்டுமென்றால் காலணி கிடைத்த பிறகு திசைப் பொத்தானை இருமுறை தட்ட வேண்டும். கடை இல்லை. மருந்து தீர்ந்தால் எதிரி உதிர்ப்பதுதான் கதி.

சர்க்கிளின் செல்வம் அட்டைகள். செயலுக்குப் பத்து, தன்மைக்குப் பத்து, ஆக 20 அட்டைகள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 100 விளைவுகள். சாட்டை தீயாக மாறும், பனியாக மாறும், நீங்களே வேறு உருவம் எடுப்பீர்கள். ஆனால் எந்த எதிரியிடம் எந்த அட்டை என்று கேம் சொல்வதில்லை. சில அட்டைகளுக்கு வெகுநேரம் உழைக்க வேண்டும். கேம்பாய் அட்வான்ஸ் கேம்கள் மூன்றும் சேர்ந்து 2021இல் வந்த அட்வான்ஸ் தொகுப்பில், எதிரியிடம் அட்டை இருந்தால் திரையோரம் அதைக் காட்டும் ஒரு உதவி அமைப்பு இருக்கிறது. முதல் முறை விளையாடுகிறவர்கள் அதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி, அட்டைகளைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. எலும்புக்கூட்டை ஐம்பது முறை அடிப்பதில் இல்லை.

கேமை முடித்தவர்களுக்கு எல்லா அட்டைகளும் தொடக்கத்திலேயே கையில் இருக்கும் மந்திரவாதி முறை திறக்கும். சர்க்கிளை இரண்டாம் முறை விளையாட அதுவே போதிய காரணம்.

### ஹார்மனி: அலைவது பிடித்தவருக்கு

சிம்ஃபனியில் கோட்டையில் அலைவதையே விரும்பியவர்கள் நேராக இதற்கு வரலாம். நாயகன் ஜஸ்ட் பெல்மாண்ட் தோள்பட்டைப் பொத்தான்களை அழுத்தி முன்னும் பின்னும் பாய்வான். வேகம் கையில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கோட்டைகளுக்கு இடையே மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. அதுதான் இதன் அழகு, குழப்பமும் அதுதான். வழி தெரியாமல் சுற்றினால் எரிச்சலாகும் என்று இரண்டாம் வரியில் எழுதியவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மற்றபடி சண்டை எளிது. இசையின் ஒலித்தரம் ஆறிலும் இதில்தான் குறைவு.

### போர்ட்ரெய்ட்: மாற்றம் தேடுகிறவருக்கு

1944, இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜோனதன் மோரிஸுக்குச் சாட்டையும் ஆயுதமும், சார்லட் ஆலினுக்கு மந்திரமும். இருவரையும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம், சேர்ந்தும் சண்டையிடலாம். கோட்டைக்குள் ஓவியங்கள் தொங்குகின்றன. ஓவியத்துக்குள் குதித்தால் பாலைவனம், பனிமூட்ட நகரம், சர்க்கஸ் என்று வேறு உலகம் விரியும். கற்கோட்டைச் சுவர்களைப் பார்த்துக் கண் அலுத்தவர்களுக்கு இதைவிட நல்ல இடைவேளை வேறு இல்லை. ஆரியாவுக்கும் டானுக்கும் நடுவில் வைக்க நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

குறையும் உண்டு. பின்பாதியில் வரும் நான்கு ஓவியங்களும் முதல் நான்கின் அமைப்பையே மாற்றி அடுக்கியவை. வேகமாகக் கடந்துவிடுங்கள், ஒவ்வொரு மூலையையும் தேட வேண்டாம்.

விண்ட் என்ற ஆவி தரும் வேலைகளைத் தொடக்கத்திலிருந்தே வாங்கிச் செய்துவாருங்கள். நல்ல திறமைகளும் பொருட்களும் அங்கிருந்துதான் கிடைக்கின்றன. கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று விடுகிறவர்கள் கேமின் பெரும்பகுதியைக் குறைந்த பலத்தோடு ஓட்டுகிறார்கள்.

### எக்லீஷியா: கடைசிக்கு வைக்க வேண்டியது

ஆறில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள்.

நாயகி ஷனோவாவிடம் வாள் இல்லை, சாட்டை இல்லை. எதிரியிடமிருந்தும் சிலைகளிலிருந்தும் உறிஞ்சும் கிளிஃப் என்ற குறிகள்தான் அவள் ஆயுதம். இரண்டு கைக்கு இரண்டு குறி. இரண்டு பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்தினால் அடி இடைவிடாமல் விழும். ஒவ்வொரு அடிக்கும் மந்திர சக்தி குறையும், கையை நிறுத்தினால் விரைவில் நிரம்பிவிடும். எனவே வெறித்தனமாகப் பொத்தானைத் தட்டுகிறவர் பாஸ் முன்னால் வெறுங்கையோடு நிற்பார். அடி, விலகு, நிரம்பட்டும், மறுபடி அடி என்ற தாளம் கைக்கு வர வேண்டும்.

எதிரிக்கு எதிரி பலவீனம் மாறும். வெட்டுக்கு மசியாதது மோதும் அடிக்கு மசியும், அதற்கும் மசியாதது ஒளிக்கோ நெருப்புக்கோ மசியும். முந்தைய கேம்களில் பிடித்த ஒரே ஆயுதத்தோடு கடைசிவரை போகலாம். இங்கே அது நடக்காது. எதிரிகள் பட்டியலைத் திறந்து பலவீனத்தைப் பார்த்து, குறிகளை மாற்றிக்கொள்ளும் பழக்கம் முதல் பாஸிலிருந்தே வேண்டும். குறித் தொகுப்புகள் மூன்றைச் சேமித்து வைத்து உடனுக்குடன் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை வெட்டுக்கும், ஒன்றை மோதலுக்கும், ஒன்றை மந்திரத்துக்கும் ஒதுக்குங்கள்.

கலங்கரை விளக்கத்தில் வரும் ராட்சத நண்டிடம் பலர் கேமையே விட்டிருக்கிறார்கள். அங்கே வேண்டியது பொறுமை மட்டுமே. அதன் ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னறிவிப்பு அசைவு ஒன்று உண்டு. முதல் சில முயற்சிகளில் அடிக்கவே வேண்டாம். விலகுவதை மட்டும் பழகுங்கள். எக்லீஷியாவின் எல்லா பாஸ்களும் இந்த முறைக்குப் பணியும். அடியே படாமல் பாஸை வீழ்த்தினால் பதக்கம் தரும் கேம் இது, அதாவது அடிபடாமல் வெல்ல முடியும் என்று உருவாக்கியவர்களே உறுதி சொல்கிறார்கள்.

## உங்களுக்கான வரிசை

- இப்போதுதான் தொடங்குகிறீர்கள்: ஆரியா, போர்ட்ரெய்ட், டான், ஹார்மனி, சர்க்கிள், எக்லீஷியா.
- சிம்ஃபனி முடித்தவர்: ஹார்மனியை விட ஆரியாவே முதலில் நல்லது. கோட்டையில் அலைவதே உயிர் என்றால் மட்டும் ஹார்மனியிலிருந்து தொடங்குங்கள்.
- கடினமான கேம்களில் தேறியவர்: சர்க்கிள், ஆரியா, டான், எக்லீஷியா. மற்ற இரண்டும் விருப்பம்போல.
- மூன்றுக்குத்தான் நேரம் உண்டு: ஆரியா, டான், எக்லீஷியா.

## எதில் விளையாடுவது?

இன்று எளிய வழி இரண்டு தொகுப்புகள். 2021இன் அட்வான்ஸ் தொகுப்பில் முதல் மூன்றும், 2024இன் டாமினஸ் தொகுப்பில் டிஎஸ்ஸின் மூன்றும் இருக்கின்றன. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்டீம் எல்லாவற்றிலும் கிடைக்கும். கையில் பிடித்து விளையாட ஸ்விட்ச்சோ ஸ்டீம் டெக்கோ போதும். அட்வான்ஸ் தொகுப்பில் உள்ள டிராகுலா எக்ஸும், டாமினஸ் தொகுப்பில் உள்ள ஹாண்டட் காஸிலும் கோட்டையில் அலையும் வகை அல்ல. அவற்றை அடுத்ததாக நினைத்து எடுத்துவிடாதீர்கள். சிம்ஃபனி வேண்டுமென்றால் 2020 முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு.

டிஎஸ் கேம்கள் இரண்டு திரைக்கென்று செய்யப்பட்டவை. தொகுப்பில் திரை அமைப்பை மாற்றலாம். சிறிய திரையில் விளையாடும்போது சண்டை நடக்கும் திரை பெரிதாகவும், வரைபடம் ஓரத்தில் சிறிதாகவும் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கருவியில்தான் விளையாடுவேன் என்பவர்கள், வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் முதல் டிஎஸ்ஸிலும் டிஎஸ் லைட்டிலும் செருகும். டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டிலும் அதற்கான துளை இல்லை. டிஎஸ் கேம்கள் 3டிஎஸ் வகைக் கருவிகளில் ஓடும்.
2. முதல் கேம்பாய் அட்வான்ஸுக்குத் திரைவிளக்கு கிடையாது. சர்க்கிள் இருட்டான கேம், அதில் கண் நோகும். கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியோ டிஎஸ் லைட்டோ எடுங்கள்.
3. போலி கார்ட்ரிட்ஜ் ஏராளம். அவற்றில் சேவ் திடீரென்று அழிந்துவிடும். அசலின் ஒட்டுப்படத்தில் இரு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதித்திருக்கும். கீழ்முனையில் உலோகத் தொடுபுள்ளிகளுக்கு மேல் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.
4. டானுக்காக டிஎஸ் வாங்கினால் தொடுதிரையில் நான்கு மூலையிலும் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விலகினால் முத்திரை வரைய முடியாது.

## சேவும் பாதுகாப்பும்

தொகுப்புகளில் எந்த நொடியிலும் சேமிக்கலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். இந்த வசதியால் வரும் இழப்பு பெரிது. பழைய குயிக் சேவைத் தவறுதலாக ஏற்றினால் அதற்குப் பிறகான முன்னேற்றம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு சேவ் அறையிலும் கேமுக்குள்ளேயே சேமியுங்கள். குயிக் சேவுக்கு இரண்டு இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். உண்மை முடிவு தீர்மானமாகும் போருக்கு முன் தனியாக ஒரு சேவ் வைத்து, அதன்மேல் எழுதாதீர்கள். பின்னோக்கி ஓட்டுவதைப் பள்ளத்தில் தவறி விழுந்ததற்குப் பயன்படுத்தலாம். பாஸிடம் வேண்டாம், அதன் அசைவுகளைக் கற்காமலே கடந்துவிடுவீர்கள். அடுத்த பாஸ் அதற்குத் தண்டனை தரும்.

எச்சரிக்கை: பாஸ் வீழும்போதும் மந்திரம் வெடிக்கும்போதும் திரை பளீர் பளீரென்று மின்னும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விளையாடக் கூடாது. விளையாடும்போது தலைசுற்றலோ கண் துடிப்போ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

பேட்டரி: பழைய கையடக்கக் கருவிகளில் லித்தியம் பேட்டரி உப்பிவிடுவது உண்டு. பின்மூடி பிதுங்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், துளைக்காதீர்கள். குப்பைத் தொட்டியில் வீசாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். அந்தக் கருவிக்கான சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கையும் கண்ணும்: எக்லீஷியாவில் இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவது கட்டைவிரலுக்குக் கடும் வேலை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். அப்போதே விரல்களையும் விரித்து மடக்குங்கள். கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

## ஆறும் முடிந்த பிறகு

2008க்குப் பிறகு கொனாமியிடமிருந்து இதே அச்சில் ஏழாவது கையடக்க கேம் வரவில்லை. இகராஷி வெளியேறி, 2015இல் ரசிகர்களிடம் நிதி திரட்டி, 2019இல் பிளட்ஸ்டெயின்ட்: ரிச்சுவல் ஆஃப் த நைட் கேமைக் கொண்டுவந்தார். எதிரியிடமிருந்து சக்தியைப் பறிப்பது, ஆயுதம் செய்வது, கோட்டையில் அலைவது என்று ஆரியாவும் டானும் அதில் தொடர்கின்றன. ஸ்விட்ச்சில் அதன் காட்சித்தரமும் வேகமும் மற்ற கருவிகளை விடக் குறைவு. முடிந்தால் வேறு கருவியில் விளையாடுங்கள். அதற்குப் போகும் முன், எக்லீஷியாவில் விகால் கிராமத்து மக்கள் எல்லோரையும் மீட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.